பொலோஞாவின் பேராசிரியை லாரா பாஸி அம்மையார்

இத்தாலி நாட்டின் வட பகுதியில் பொலோஞா என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இந்நகரில்தான் உள்ளது. 1088-ம் ஆண்டை அதன் தொடக்கமாகக் கொள்வது மரபு. நாம் சொல்ல வந்த 18-ம் நூற்றாண்டில் இந்நகரம் பாப்பரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பாப்பரசரின் பிரதிநிதியாக ஒரு கர்தினாலும், உள்ளூர்ப் பிரபுக்கள் அடங்கிய செனட் சபையும் சேர்ந்து நகரை ஆண்டு வந்தனர். பல்கலைக்கழகப் பேராசிரியர்களை நியமிப்பதும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் இந்தச் செனட் சபையின் பொறுப்பு. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; ஏனெனில் நம் கதாநாயகி தம் வாழ்நாளில் பெரும் பகுதி இந்தச் சபையோடு வழக்காட வேண்டியிருந்தது.

1711-ல் இந்நகரிலே ஒரு வழக்கறிஞரின் வீட்டில் பிறந்தவர்தான் லாரா பாஸி. பெற்றோருக்கு நிலைத்து நின்ற ஒரே பிள்ளை. அக்காலத்தில் பெண் குழந்தைகளுக்கு இரண்டே வழி இருந்தது. ஒன்று திருமணம், மற்றொன்று கன்னியர் மடம். பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அரிது. ஆனால் லாராவின் உறவினரான ஸ்தேகானி என்ற குருவானவர் சிறுமிக்கு இலத்தீன், பிரெஞ்சு மொழிகளையும் கணக்கையும் கற்றுக் கொடுத்தார். பின்னர் அவ்வீட்டாருக்கு வைத்தியம் பார்க்க வந்த தக்கோனி என்னும் மருத்துவர் சிறுமியின் அறிவைக் கண்டு வியந்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியருமாவார். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அவளுக்குத் தர்க்கமும் தத்துவமும் இயற்கை விஞ்ஞானமும் போதித்தார். இந்தப் பாடங்களெல்லாம் வெளியாருக்குத் தெரியாமலேயே நடந்தன.

இரகசியம் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஊரில் செய்தி பரவியது. படித்தவர்கள் ஒவ்வொருவராக அவ்வீட்டுக்கு வந்து பெண்ணிடம் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். அப்படி வந்தவர்களுள் ஒருவர் நகரின் பேராயர் கர்தினால் பிரோஸ்பெரோ லம்பெர்த்தீனி. அவரும் பொலோஞாவில் பிறந்தவரே; பெரும் சட்ட அறிஞர். பல்கலைக்கழகத்தின் புகழ் மங்கி வருகிறதே என்ற கவலை அவருக்கு உண்டு. இந்த 20 வயதுப் பெண் வீட்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டியவள் அல்லள், மக்கள் முன்னிலையில் வாதம் செய்யட்டும் என்று ஊக்கமூட்டியவர்களில் அவர் முதன்மையானவர்.

1732 மார்ச் மாதத்தில் நகரின் விஞ்ஞானக் கழகம் லாராவை உறுப்பினராக ஏற்றது. அடுத்த மாதம் 17-ம் தேதி, நகர மாளிகையின் பெரிய மண்டபத்தில், கர்தினால்களும் பிரபுக்களும் குருக்களும் திரளாகக் கூடியிருக்க, 49 கோட்பாடுகளை எடுத்துக்கொண்டு இலத்தீன் மொழியில் வாதாடினார். பேராசிரியர்கள் ஐவர் எதிர்வாதம் செய்தனர். மறுநாளே பேராயர் லம்பெர்த்தீனி அவர் வீடு தேடிச் சென்று பாராட்டியதாக வரலாறு கூறுகிறது. மே 12-ம் தேதி தத்துவத்தில் டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. தலையில் வெள்ளியால் செய்த இலைக் கிரீடம், விரலில் மோதிரம், தோளில் ரோமப் போர்வை. ஊரே விழாக் கோலம் பூண்டது. அவர் உருவம் பொறித்த பதக்கமும் அச்சிடப்பட்டது. இதற்கு முன் 1678-ல் பாதுவா நகரில் எலேனா கொர்னாரோ என்ற பெண்மணி பெற்ற பட்டம் ஒன்றுதான் எல்லோரும் அறிந்த முன்னுதாரணம்.

அதே ஆண்டு அக்டோபரில் செனட் சபை லாராவுக்குப் பேராசிரியர் பதவியும் ஆண்டுக்கு 500 லீரா சம்பளமும் கொடுத்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் சம்பளத்தோடு இப்பதவி பெற்ற முதல் பெண் இவரே. ஆனால் அந்த உத்தரவிலே ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்கள். அவர் பெண்ணாகையால், மேலதிகாரிகள் அழைக்கும்போது மட்டுமே பொது மண்டபத்தில் பாடம் நடத்தலாம் என்பதே அது. அதாவது பதவி உண்டு, சம்பளம் உண்டு, வேலை மட்டும் இல்லை! வெளியூர்ப் பிரமுகர்கள் வரும்போதும், திருவிழாக் காலத்தில் பொதுமக்கள் முன்னிலையில் உடற்கூறு விளக்கம் நடக்கும்போதும் லாராவை அழைத்துப் பேசச் சொல்வார்கள். மற்ற நாட்களில் அவர் நகரத்தின் ஆபரணம். பெட்டியில் பூட்டி வைத்து விசேஷத்துக்கு எடுப்பது போல.

நம் வீடுகளிலும் இது தெரியாத சங்கதியல்ல. மகள் பட்டம் பெற்ற படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறோம். அவள் படித்த படிப்புக்குரிய வேலைக்கு வெளியூர் போக வேண்டும் என்றால் அப்போதுதான் வீட்டில் ஆலோசனை தொடங்குகிறது.

லாரா அம்மையார் ஆபரணமாக இருக்கச் சம்மதிக்கவில்லை. பட்டம் வந்த பிறகுதான் அவருடைய உண்மையான படிப்பு தொடங்கியது என்றால் மிகையாகாது. கபிரியேலே மன்பிரேதி என்ற கணித மேதையிடம் மாணவியாக அமர்ந்து உயர் கணிதம் கற்றார். ஆங்கில விஞ்ஞானி நியூட்டனின் நூல்களை நுணுகிப் படித்தார். ஒளியைப் பற்றியும் கோள்களின் இயக்கத்தைப் பற்றியும் நியூட்டன் கண்டவை இத்தாலியில் அப்போது புதியவை.

1738 பிப்ரவரியில், 26-ம் வயதில், கியுசெப்பே வெராத்தி என்ற மருத்துவரை மணந்தார். அவரும் பல்கலைக்கழக ஆசிரியரே. இந்தத் திருமணம் ஊரில் சலசலப்பை உண்டாக்கியது. கல்விக்கென்றே வாழும் கன்னியாக லாராவைப் பாடிப் புகழ்ந்தவர்கள், இனி சமையலும் பிள்ளைகளுமாகப் போய்விடுவாள் என்று பேசினார்கள். கேலிப் பாடல்களும் கிளம்பின. தம் கல்விப் பாதையிலேயே நடப்பவரும் அதிலிருந்து தம்மை இழுக்காதவருமான ஒருவரையே தேர்ந்துகொண்டதாக லாரா ஒரு நண்பருக்கு எழுதினார். ஊரார் எண்ணியதற்கு நேர் மாறாக, திருமணமே அவருக்கு வழி திறந்தது. மணமாகாத பெண் வீட்டில் ஆண்கள் கூடுவது மரியாதையல்ல என்று கருதிய காலம் அது. கணவரும் மனைவியுமாக வாழும் வீட்டில் மாணவர்களும் அறிஞர்களும் தாராளமாக வந்து போகலாம் அல்லவா? இவர்களுக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்தன. ஐவரே வளர்ந்து ஆளானார்கள். பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு வந்தும் இந்தத் தாய் பாடம் நடத்தியிருக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்கிடையே பேராயர் லம்பெர்த்தீனி 1740-ல் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 14-ம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) என்ற பெயர் ஏற்றார். சொந்த ஊரின் விஞ்ஞானக் கழகத்தை அவர் மறக்கவில்லை. 1745-ல் அதில் 24 பேரைத் தெரிந்தெடுத்து ஒரு தனிக் குழு அமைத்தார். இவர்கள் ஆண்டுதோறும் ஓர் ஆய்வுரை படிக்க வேண்டும். அதற்கு ஊதியம் உண்டு. பாப்பரசரின் பெயராலேயே இவர்கள் பெனதெத்தீனி எனப்பட்டனர். பட்டியலில் லாராவின் பெயர் இல்லை. அம்மையார் சும்மா இருக்கவில்லை. ரோமையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதித் தம் கோரிக்கையைப் பாப்பரசரின் காதுக்கு எட்டச் செய்தார். குழுவினர் சிலர் ஒரு பெண் சரிசமமாக உட்காருவதை விரும்பவில்லை. பாப்பரசர் ஒரு வழி கண்டார். 24 இடங்களில் கை வைக்காமல், 25-வதாக ஓர் இடம் உண்டாக்கி அதை லாராவுக்குக் கொடுத்தார். வாக்களிக்கும் உரிமையில் மட்டும் மற்றவர்களுக்குச் சமமான நிலை கிடைக்கவில்லை.

கிடைத்த இடத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். 1746 முதல் 1777 வரை, கர்ப்பம், பிரசவம், நோய் இவற்றுக்கெல்லாம் நடுவே, 30-க்கும் மேற்பட்ட ஆய்வுரைகள் படித்தார். அழுத்தினால் காற்று எவ்வளவு சுருங்கும் என்பதற்கு ஆங்கிலேயர் பாயில் ஒரு விதி கண்டிருந்தார். காற்றில் ஈரம் கலந்திருக்கும்போது அவ்விதி பிசகுவதை லாரா ஆராய்ந்தார். பாத்திரத்தின் துவாரம் வழியாக நீர் பாயும் விதம், திரவங்களில் எழும் குமிழிகள், மின்சாரம் என்று அவர் தொட்ட பொருள்கள் பல. பொலோஞாவுக்கு அருகே ஓடும் ரேனோ நதி அடிக்கடி கரைபுரண்டு வயல்களை அழித்து வந்ததால் நீர்க்கணக்கு அங்கே ஏட்டுப் படிப்பாக மட்டும் இருக்கவில்லை. இத்தனை ஆய்வுகளில் அச்சேறியவை நான்கு மட்டுமே. அவற்றில் ஒன்று அவர் மறைந்த பின் வெளிவந்தது.

பல்கலைக்கழக மண்டபம் அடைத்திருந்ததால் 1749-ல் தம் வீட்டையே பள்ளியாக்கினார். இது நமக்கு மிகவும் பிடித்த பகுதி. பல்கலைக்கழகத்தில் இன்னும் ஏட்டிலிருந்து வாசித்து விளக்குவதே வழக்கமாக இருந்தபோது, பாஸி வெராத்தி தம்பதிகளின் வீட்டில் மாணவர்கள் கருவிகளைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பௌதிகம் கற்றார்கள். ஒளியை ஏழு நிறமாகப் பிரிக்கும் கண்ணாடிப் பட்டகமும், காற்றை வெளியேற்றும் பம்பும், மின்சாரம் உண்டாக்கும் இயந்திரமும் அக்காலச் சோதனைப் பௌதிகத்தின் ஆயுதங்கள். ஆண்டில் எட்டு மாதம் நாள்தோறும் வகுப்பு நடந்ததாகவும், செலவெல்லாம் தம்முடையதே என்றும் 1755-ல் ஓர் அன்பருக்கு எழுதிய கடிதத்தில் அம்மையார் தெரிவித்திருக்கிறார். வெளிநாட்டு மாணவர்களும் அந்தப் படியேறினார்கள். மெல்ல மெல்லச் செனட் சபைக்கும் உண்மை விளங்கியது. நகரத்துக்குத் தேவையான ஒரு பள்ளியை இவர் சொந்தச் செலவில் நடத்துகிறார் என்று கண்டு அவர் சம்பளத்தை உயர்த்தினார்கள். பல்கலைக்கழகத்தில் மிக அதிகச் சம்பளம் பெற்றவர்களுள் ஒருவரானார்.

கணவர் வெராத்தியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மின்சாரத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்து 1748-ல் நூல் எழுதியவர் அவர். 1752-ல் கழகத்தின் வானாராய்ச்சிக் கோபுரத்தின் மேல் இடிதாங்கிக் கம்பி ஒன்றை நட்டு மின்னலைச் சோதிக்க முற்பட்டார். இது இடியை ஊருக்குள் வரவழைத்துவிடும் என்று மக்கள் பயந்து கூச்சலிட்டதால் கம்பியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. இன்று நம் கோயில் கோபுரங்களில் இடிதாங்கி இருப்பதைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ!

அவ்வீட்டில் கற்றவர்களில் புகழ் பெற்றவர் லாராவின் உறவினரான லாத்சரோ ஸ்பல்லன்சானி. சட்டம் படிக்க பொலோஞாவுக்கு வந்த இந்த இளைஞரை விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பியது அம்மையாரின் போதனையே. பின்னாளில் குருப்பட்டம் பெற்று, கிருமிகள் தாமாகத் தோன்றுவதில்லை என்று சோதனைகளால் காட்டி, உலகப் புகழ் எய்தினார். மற்றொரு வேடிக்கையும் உண்டு. திருச்சபையை ஏளனம் செய்து எழுதி வந்த பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர், பொலோஞா விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினராக ஆசைப்பட்டு, 1744-ல் உதவி கேட்டுக் கடிதம் எழுதியது இந்தப் பக்தியுள்ள கத்தோலிக்கத் தாய்க்குத்தான்! மறு ஆண்டு அவருக்கு இடம் கிடைத்தது.

பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் மற்றப் பெண்களையும் கைதூக்கிவிட்டார். மிலான் நகரின் மரிய கயெத்தானா அஞ்ஞேசி 1748-ல் வெளியிட்ட கணித நூலைக் கண்டு, 1750-ல் அவரையும் பொலோஞாவில் பேராசிரியையாக நியமித்தார். அஞ்ஞேசி அம்மையார் அங்கு சென்று பாடம் நடத்தவில்லை; ஏழை நோயாளிகளைப் பராமரிப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டு 1799-ல் மறைந்தார். அவருடைய கதை தனியே எழுதத் தக்கது.

லாராவுக்கு 1766-ல், பாப்பரசர் 5-ம் சிக்ஸ்துஸ் நிறுவிய மொந்தால்தோ கல்லூரியில் சோதனைப் பௌதிகம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. கடைசியாக ஒரு கதவுதான் மூடியிருந்தது. விஞ்ஞானக் கழகத்தின் சோதனைப் பௌதிகப் பேராசிரியர் பதவி காலியானபோது, பல ஆண்டுகள் அங்கே துணைவராகப் பணிபுரிந்த வெராத்திக்கே அது போகும் என்பது பொது எதிர்பார்ப்பு. லாரா தமக்கே அந்த இடம் உரியது என்று விண்ணப்பித்தார். கால் நூற்றாண்டாகத் தம் வீட்டில் அந்தப் பாடத்தை நடத்தி வருபவர் என்ற தகுதியை யாராலும் மறுக்க முடியவில்லை. 1776-ல், அவர் 65 வயதை எட்டும் வேளையில், பதவி அவருக்கு வந்தது. கணவர் அவருக்குத் துணைவராக நியமிக்கப்பட்டார். மனைவிக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று அவர் மறுக்கவில்லை. 1732-ல் நிபந்தனையோடு கிடைத்த அழைப்பு நிபந்தனையில்லாத வேலையாக மாற 44 ஆண்டுகள் ஆயின.

அந்தப் பதவியில் இரண்டு ஆண்டுகள்கூட அவர் முழுமையாக இருக்கவில்லை. 1778 பிப்ரவரி 20-ம் தேதி காலமானார். பின் அந்த இடம் வெராத்திக்கு வந்தது. லாராவின் உடல், புனித கத்தரீனம்மாளின் அழியா உடல் வைத்துப் போற்றப்படும் கோர்ப்புஸ் தோமினி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தவளைக் காலில் மின்சாரத்தைக் கண்ட லூயிஜி கல்வானியும், அவர் சோதனைகளில் கூட இருந்து உதவிய மனைவி லூச்சியாவும் அதே ஆலயத்தில்தான் இளைப்பாறுகிறார்கள்.