கண்ணாடிக்குள் ஒரு கடல்

பவளம் என்றவுடன் ஆரத்தில் கோத்த செம்மணியே நம் நினைவிற்கு வரும். அம்மணியோ ஓர் உயிர் விட்டுச் சென்ற எலும்பு போன்றது. கடலினின்று எடுத்த பவள உயிர் சின்னாளில் மாண்டு, நீரையும் நாறச் செய்துவிடும். அதனை வீட்டிலேயே வாழவைக்கும் முறையை உலகறியச் செய்தவர் பிலிப் ஹென்றி காஸ்.

அவர் 1810-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிற்றோவியம் தீட்டிப் பிழைத்தவர். பூல் என்னும் துறைமுகத்தில் வளர்ந்த சிறுவனுக்கு அத்தை ஒருவர் கடற்சாமந்தியைக் காட்டி, அதனைக் கடல்நீரில் இட்டு வைத்துப் பார்க்கச் சொன்னார். அவ்வார்த்தை வீண்போகவில்லை. பதினேழாம் வயதில் கணக்கராகக் கடல் கடந்த காஸ், கனடாவில் உழவராகவும் அலபாமாவில் ஆசிரியராகவும் இருந்து, ஜமெய்க்காவில் பறவைகளை ஆராய்ந்து, இறுதியில் தாயகம் திரும்பினார்.

1852-ஆம் ஆண்டில் உடல் நலிவுற்று, மனைவி எமிலியுடனும் குழந்தை எட்மண்டுடனும் டெவன் கடற்கரைக்கு வந்தார். அங்கே, நீர் மிகவும் வற்றும் வேளையில் மட்டுமே தலைகாட்டும் பாறையடியில் கிண்ணப் பவளம் வாழ்ந்தது. வெண்சுண்ணக் கிண்ணம், அதன் விளிம்பில் பளிங்கு போன்ற உணர்விழைகள். அதனைப் பிய்த்தெடுக்கலாகாது, பாறைத் துண்டோடு உளியாற் பெயர்க்க வேண்டும். ஆனால், எடுத்ததைக் காப்பது எங்ஙனம்?

சிலர் ஏற்கெனவே இம்முயற்சியில் இறங்கியிருந்தனர். 1846-ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் பெருமாட்டி இப்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். நீரில் காற்றுக் கலப்பதற்காகப் பணிப்பெண் ஒருத்தி நாள்தோறும் திறந்த சாளரத்தருகே நின்று, நீரைக் கலம் மாற்றி ஊற்றிக்கொண்டேயிருந்தாள்! பவளங்கள் பிழைத்தன, அவள் கைகள் எவ்வளவு நொந்தனவோ! பின்னர் அன்னா தொட்டியில் கடற்பாசியையும் இட்டார். வாரிங்டன் என்னும் வேதியியலறிஞரும் செடிகளின் துணையை நாடினார்.

காஸும் அவ்வழியே சென்றார். உயிர்கள் வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி வெயிலில் உட்கொண்டு பிராணவாயுவைத் தருகிறது. இரண்டும் ஒத்திருப்பின் நீர் கெடாது. ஆயினும் வெயில் மிகுந்தால் நீர் பச்சையாகும். ஓருயிர் மாண்டு கிடந்தாலும் தொட்டி முழுதும் நஞ்சாகும். வற்றிய அளவிற்கு நன்னீரே ஊற்ற வேண்டும், உப்பு வற்றுவதில்லையன்றோ! கடலுக்குத் தொலைவில் வாழ்வோர்க்காக, உப்புகளைக் கலந்து கடல்நீர் செய்யும் முறையையும் அவர் 1854-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அதற்கு முந்திய ஆண்டில், இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் கண்ணாடித் தொட்டிகள் திறக்கப்பட்டபோது காஸ் திரட்டியனுப்பிய உயிர்கள் அவற்றை அணிசெய்தன. 1854-ஆம் ஆண்டில், தாமே தீட்டிய வண்ணப்படங்களுடன் ‘அக்குவேரியம்’ என்னும் நூலை வெளியிட்டார். அப்பெயரே பரவி நிலைத்தது. வீட்டுக்கூடந்தோறும் கடல்நீர்த் தொட்டி வைப்பது நாகரிகமாயிற்று. புகைவண்டிகளில் வந்திறங்கிய மக்கள் உளியும் கூடையுமாகப் பாறைகளை மொய்த்தனர். அவர்கள் கொண்டுசென்ற உயிர்களுட் பல, போதிய பொறுமை காட்டுவாரின்றி மடிந்தன.

1857-ஆம் ஆண்டில் எமிலி புற்றுநோயால் இறந்தார். காஸ் மகனுடன் டெவனில் செயின்ட் மேரிசர்ச் என்னும் ஊரிற் குடியேறினார். தந்தையும் மகனும் மண்டியிட்டுக் கண்டு களித்த பாறைக்குட்டைகள் சில ஆண்டுகளிலேயே வெறுமையாயின. யாரும் அழிவை எண்ணிச் செய்ததன்று. காஸோ சிறிதும் எதிர்பார்த்ததன்று. எனினும், தம் நூல்களே அக்கூட்டத்தை அங்கு அழைத்துவந்தன என்றெண்ணி அவர் பெரிதும் வருந்தினார். 1888-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே மறைந்தார். எழுத்தாளராக விளங்கிய எட்மண்ட், 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அக்குட்டைகளின் பழைய அழகையும் தந்தையின் வருத்தத்தையும் பதிந்துவைத்தார்.