சிறையில் இருந்தே ஜெயித்த சீமாட்டி

1918-ம் ஆண்டு டிசம்பர் 28-ந்தேதி. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஓட்டுகள் எண்ணப்பட்டன. செயின்ட் பாட்ரிக்ஸ் என்ற தொகுதியில் 7,835 ஓட்டுகள் பெற்று ஒரு பெண் வெற்றி பெற்றார். அப்போது அயர்லாந்து, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அங்கு ஜெயித்தவர்கள் லண்டன் பாராளுமன்றத்துக்குச் செல்ல வேண்டும். அந்தப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. ஆனால் வெற்றிச் செய்தி வந்தபோது அவர் லண்டன் ஹாலோவே சிறையில் கைதியாக இருந்தார்.

அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் மார்கீவிச்.

முதலாளியின் தொகுதி

அவரை ஜெயிக்க வைத்த தொகுதிக்கும் ஒரு கதை உண்டு. 1885-ல் டப்ளின் நகரம் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது பிறந்தது செயின்ட் பாட்ரிக்ஸ். பழைய நெசவாளர் பகுதியான லிபர்ட்டீஸ் இதில்தான் இருந்தது. பாழடைந்த மாடி வீடுகளில், அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த இடம் அது.

இந்தத் தொகுதியின் முதல் உறுப்பினர் வில்லியம் மார்ட்டின் மர்பி என்ற தொழிலதிபர். 1892 தேர்தலில் அவரைத் தோற்கடித்தார், இறைச்சி வியாபாரியான வில்லியம் பீல்டு. அதன்பின் 26 ஆண்டுகள் தொகுதி பீல்டின் கையில் இருந்தது. மர்பியோ அரசியலில் தோற்றாலும் தொழிலில் வளர்ந்தார். டப்ளின் டிராம் கம்பெனியும், ஒரு பெரிய தினசரியும், இம்பீரியல் ஓட்டலும் அவருடையவை ஆயின.

மாளிகையில் பிறந்தவர்

கான்ஸ்டன்ஸ் 1868 பிப்ரவரி 4-ந்தேதி லண்டனில் பிறந்தார். தந்தை சர் ஹென்றி கோர்-பூத், ஸ்லைகோ மாவட்டத்தில் பெரும் நிலச்சுவான்தார். 1879-80-ல் பஞ்சம் வந்தபோது தம் குத்தகைக் குடிகளுக்கு உணவு கொடுத்துக் காத்தவர். லிஸ்ஸடெல் மாளிகையில் குதிரைச் சவாரியும் வேட்டையுமாக வளர்ந்த சிறுமி, பசித்தவர்களையும் பார்த்தே வளர்ந்தார்.

ஓவியம் கற்க லண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றார். பாரிசில் காசிமிர் மார்கீவிச் என்ற போலந்து ஓவியரைச் சந்தித்து 1900-ல் மணந்தார். அந்த மணத்தால்தான் கவுண்டஸ் என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டு மேவ் என்ற மகள் பிறந்தாள். 1903-ல் தம்பதியர் டப்ளினில் குடியேறினர்.

1908-ல் சின் பெயின் இயக்கத்தில் சேர்ந்தார். 1909-ல் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பியான்னா படையைத் தோழர்களுடன் சேர்ந்து அமைத்தார். பொதுவாழ்வுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. கணவர் 1913-ல் அயர்லாந்தை விட்டுப் போனார். மகளைப் பாட்டிதான் வளர்த்தார்.

கதவடைப்பு

1913 ஆகஸ்ட் 26-ந்தேதி டப்ளின் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஜிம் லார்கின் நடத்திய சங்கத்தில் இருந்தவர்களை மர்பி வேலையை விட்டு நீக்கியதே காரணம். மற்ற முதலாளிகளும் மர்பியுடன் கைகோத்தனர். சங்கத்தில் இல்லை, சேரவும் மாட்டேன் என்று கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்றனர். சுமார் 20 ஆயிரம் தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்டனர்.

லார்கினைப் போலீஸ் தேடியபோது அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தவர் கான்ஸ்டன்ஸ். தாடி ஒட்டி, காசிமிரின் கோட்டை அணிந்து, மர்பியின் ஓட்டல் மாடியிலேயே லார்கின் தோன்றிப் பேசினார். அன்று நடந்த தடியடியில் கான்ஸ்டன்சுக்கும் அடி விழுந்தது.

பிறகு சங்கக் கட்டிடமான லிபர்ட்டி ஹாலின் அடித்தளத்தில் கஞ்சித் தொட்டி திறந்தார். கைகளைச் சுருட்டி விட்டுக்கொண்டு, பெரிய அண்டாக்களில் சூப் காய்ச்சி, வரிசையில் நின்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஊற்றினார். செலவுக்கு நகைகளை விற்றார், கடனும் வாங்கினார்.

1914 தொடக்கத்தில் பட்டினி தாங்காமல் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினர். போராட்டம் தோற்றது. ஆனால் யார் கதவை அடைத்தார், யார் சோறு போட்டார் என்பதை டப்ளின் ஏழைகள் மறக்கவில்லை.

தூக்கி எறியப்பட்ட மரண தண்டனை

1916 ஏப்ரலில் ஈஸ்டர் புரட்சி வெடித்தது. ஜேம்ஸ் கானலியின் தொழிலாளர் படையில் இருந்த கான்ஸ்டன்ஸ், செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் மைக்கேல் மாலினுக்கு அடுத்த தலைவராக நின்று போரிட்டார். ஒரு வாரத்தில் புரட்சி அடக்கப்பட்டது. கானலியும் மாலினும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கான்ஸ்டன்சுக்கும் மரண தண்டனைதான். பெண் என்ற ஒரே காரணத்தால் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. தோழர்களுக்கு இல்லாத சலுகை தமக்கு எதற்கு என்று அவர் வருந்தினார். 1917 ஜூனில் பொது மன்னிப்பில் விடுதலையானார். 1918 மே மாதம் மீண்டும் கைதானார்.

அந்த ஆண்டுதான் தேர்தல் சட்டம் மாறியது. 21 வயதான ஆண்களுக்கும், 30 வயதைக் கடந்து சில சொத்துத் தகுதிகள் பெற்ற பெண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. அதுவரை ஓட்டே இல்லாத ஏழை ஆண்கள் முதல் முறையாகப் பட்டியலில் சேர்ந்தனர். பெண்கள் போட்டியிடலாம் என்ற சட்டமும் நவம்பரில் வந்தது.

சின் பெயின் கட்சி அவரை செயின்ட் பாட்ரிக்ஸ் தொகுதியில் நிறுத்தியது. வேட்பாளர் சிறையில், ஒரு கூட்டத்திலும் பேச முடியாது. ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் அவருக்காக ஓட்டு கேட்டனர். இந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், பிற்பாடு சென்னைக்கு வந்து 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் அமையப் பாடுபட்டவர்.

26 ஆண்டு உறுப்பினரான பீல்டு தோற்றுப்போனார். அந்தத் தேர்தலில் பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக நின்ற 17 பெண்களில் ஜெயித்தவர் கான்ஸ்டன்ஸ் ஒருவரே.

போகாத பாராளுமன்றம்

மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்பது கட்சியின் முடிவு. எனவே அவர் லண்டன் பாராளுமன்றத்தில் உட்காரவே இல்லை. 1919 ஜனவரியில் டப்ளினில் கூடிய ஐரிஷ் மக்கள் சபையில் அவர் பெயர் அழைக்கப்பட்டபோது, அந்நியரின் சிறையில் இருக்கிறார் என்றே பதில் வந்தது. விடுதலையான பின், ஏப்ரலில் தொழிலாளர் துறை அமைச்சரானார். அயர்லாந்தில் இன்னொரு பெண் அமைச்சராக 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செயின்ட் பாட்ரிக்ஸ் தொகுதி 1922-ல் மறைந்தது. மர்பியில் தொடங்கிய அதன் உறுப்பினர் வரிசை கான்ஸ்டன்சோடு முடிந்தது. அவர் டப்ளின் தெற்குத் தொகுதியில் 1922-ல் தோற்று, 1923-லும் 1927 ஜூனிலும் ஜெயித்தார். 1926 நிலக்கரி வேலைநிறுத்தத்தின்போது குளிரில் வாடிய ஏழை வீடுகளுக்கு விறகும் கரியும் தாமே சுமந்து சென்றார். அப்போது அவருக்கு வயது 58.

கடைசித் தேர்தல் முடிந்து ஐந்து வாரங்களில், 1927 ஜூலை 15-ந்தேதி, சர் பாட்ரிக் டன்ஸ் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் ஏழைகளுக்கு நடுவே ஏழையாகக் கண்ணை மூடினார். காசிமிரும் மேவும் வந்து பார்த்தனர். அரசு மரியாதை தரப்படவில்லை. உடலை வைக்க நகர மண்டபமும் கிடைக்கவில்லை. ரோட்டண்டா என்ற அரங்கில் வைக்கப்பட்ட உடலைப் பார்க்க டப்ளின் ஏழைகள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றனர். கிளாஸ்நெவின் இடுகாடு வரை அந்த மக்கள் பின்னால் நடந்தார்கள்.