நாகூர் நாயகர்

வடநாட்டு மாணிக்கப்பூரிற் பிறந்து, பல தேசங்களிலும் சஞ்சரித்து, 16ஆம் நூற்றாண்டில் காவிரி நாட்டுக் கடற்கரையாகிய நாகூரில் அடங்கிய பெரியார் ஷாஹுல் ஹமீது ஆவர். இல்லறம் மேற்கொள்ளாத அவருக்கும் ஒரு மைந்தருண்டு. லாகூரில் மகப்பேறின்றி வருந்திய நூருத்தீன் என்பார் மனைவியோடு அவரையடைந்து வேண்ட, அவர் இறைவனை இறைஞ்சினார் என்றும், பிறந்த தலைமகன் யூசுபை அப்பெற்றோர் அவரிடமே ஒப்புவித்தனர் என்றும் வரலாறு கூறும். அம்மைந்தர் நாகூர்வரை உடன் வந்தார்; அவர் வழியினரே தர்காவைப் பேணி வருகின்றனர்.

தஞ்சை மன்னர் பிரதாப சிங்கரும் (1739–1763) இங்கே வேண்டிப் புதல்வனைப் பெற்று, நன்றியாக 131 அடி உயர மினாராவை எழுப்பினர் என்பர். அன்னாள் தன் சாமுவேலை ஆலயத்தில் விட்டு மீண்ட வரலாற்றை வாசித்து வளர்ந்த யாம், நாகூரிலே மழலைகளை ஏந்தி நிற்கும் முஸ்லிம் பெற்றோரைக் காணுந்தோறும், வெறுங்கையராய் வீடு திரும்பிய அவ்விலாகூர்ப் பெற்றோரை எண்ணி நெஞ்சுருகுகின்றோம்.