மணிக் கயிற்றைப் பிடித்த அச்சுத் தொழிலாளி



அதிகாலையில் திரிகால செபத்துக்கு மணி. திருப்பலிக்கு முதல் மணி, இரண்டாம் மணி. ஊரில் ஒருவர் கண்மூடினால் துக்க மணி. மணி ஒலிக்கும் விதத்தைக் கொண்டே செய்தி இன்னதென்று உங்கள் வீட்டுச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கயிற்றின் மறு நுனியில் நிற்பவரை எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? மணியோசை ஊர் முழுதும் கேட்கும். மணியடிப்பவரின் முகம் யாருக்கும் தெரியாது. அப்படி முகம் தெரியாது நின்றவர்களுள் ஒருவரின் பெயர் மட்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மணிக்கூண்டுகளில் நாள்தோறும் சொல்லப்பட்டு வருகின்றது. பேபியன் ஸ்டெட்மன் என்னும் அந்த ஆங்கிலேயரின் கதையை இன்று உங்களுக்குச் சொல்கின்றோம்.

இங்கிலாந்தின் மேற்கே ஹெரபோட்ஷயர் பகுதியில் யார்க்கில் என்பது ஒரு சிற்றூர். அங்கே அங்கிலிக்கன் குருவானவராக இருந்த பிரான்சிஸ் ஸ்டெட்மன் என்பவரின் மகனாகப் பேபியன் பிறந்தார். 1640ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு வழங்கப்பட்டது. அவர் கேம்பிரிட்ஜ் நகரத்தவர் என்றே உலகம் நீண்டகாலம் நம்பி வந்தது. புகழ் பெற்றவர்களுக்கும் சில வேளைகளில் சொந்த ஊர் கிடைப்பது இவ்வளவு தாமதமாகத்தான்!

பதினைந்து வயதில் பையன் இலண்டனுக்கு அனுப்பப்பட்டான். டானியல் பேக்மன் என்பவரிடம் அச்சுத் தொழில் பழகச் சேர்ந்தான். எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிசை பிசகாமல் அடுக்குவதே அந்தத் தொழில். பகலில் எழுத்துக்களின் வரிசையைக் கற்ற கை, ஓய்வு நேரத்தில் மணிகளின் வரிசையைக் கற்றது.

இங்கே சற்று நில்லுங்கள். ஆங்கில நாட்டுக் கோவில் மணியை நீங்கள் அறிந்தால்தான் இந்த மனிதரை அறியலாம். அங்கே ஒரு கோபுரத்தில் ஐந்து, ஆறு, எட்டு, சில இடங்களில் பன்னிரண்டு மணிகள் வரை தொங்கும். ஒவ்வொரு மணியும் ஒரு பெரிய மரச் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கும். தொடங்குமுன் மணியைச் சிறிது சிறிதாக ஆட்டி, அதன் வாய் வானத்தை நோக்கும்படி நிமிர்த்தி வைப்பார்கள். கயிற்றை இழுத்ததும் மணி கவிழ்ந்து, முழு வட்டம் சுற்றி, மீண்டும் வாய் மேலாக வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு ஒரே ஓர் ஓசை. ஒரு கயிற்றுக்கு ஓர் ஆள்.

பல நூறு இறாத்தல், சில வேளைகளில் தொன் கணக்கான எடையுள்ள வெண்கலம் அது. பலத்தால் அதனை அடக்க முடியாது. உச்சியில் அது தயங்கும் அந்தக் கணத்தைக் கையால் உணர்ந்து, சற்றுப் பிடித்தால் ஓசை பிந்தும். சற்று முன்னதாக விட்டால் முந்தும். அவ்வளவுதான் மனிதனால் ஆகக்கூடியது. ஆகவே அந்த மணிகளில் பாட்டு வாசிக்க இயலாது. ஆனால் ஒரு மணி தன் பக்கத்து மணியோடு இடம் மாறிக்கொள்ளலாம். இந்தச் சிறு வசதியிலிருந்தே ஒரு பெருங்கலை பிறந்தது.

உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். அவர்களை 1, 2, 3 என்று வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நிற்கும் இருவர் மட்டும் இடம் மாற வேண்டும். 123, 213, 231, 321, 312, 132. அடுத்த மாற்றத்தில் மறுபடியும் 123. ஆறு வரிசைகள், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை, ஒன்றுகூட விடுபடவும் இல்லை. நான்கு மணிகளென்றால் 24 வரிசைகள். ஐந்துக்கு 120. ஆறுக்கு 720. ஏழுக்கு 5,040, இதனை அடித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேண்டும். பன்னிரண்டு மணிகளுக்கோ 47 கோடியே 90 இலட்சத்துக்கு மேல்! இரவு பகலாக அடித்தாலும் முப்பது ஆண்டுகளில் முடியாது. இவ்வளவையும் கையில் தாள் எதுவும் வைத்துக்கொள்ளாமல், மனத்தில் பதித்த பாதையைக் கொண்டே அடிக்க வேண்டும் என்பது இக்கலையின் வழக்கம்.

ஸ்டெட்மன் இலண்டனுக்கு வந்த காலத்தில் மணியடித்தல் இளைஞர்களின் விருப்பமான பொழுதுபோக்காக மாறியிருந்தது. சமய மாற்றத்தின் பின் இறந்தோருக்காக மணியடிக்கும் பழைய வழக்கங்கள் பலவும் அந்நாட்டில் தடுக்கப்பட்டிருந்தன. மணிகளோ கோபுரங்களிலேயே இருந்தன. செபத்துக்கு அழைத்த மணிகளில் பலர் இப்போது விளையாட்டையே கண்டார்கள். இதில் நமக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. மணியை அடித்துவிட்டு வழிபாட்டுக்கு நில்லாமல் போய்விடுகிறார்கள் என்ற குறை பின்னாளில் ஓங்கி எழுந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மணியடிப்போரை மீண்டும் ஆலயப் பணியோடு சேர்க்கும் சீர்திருத்தம் வந்தது. ஆயினும் அந்த விளையாட்டு சோம்பேறிகளின் விளையாட்டு அல்ல. 1637இல் தொடங்கிய காலேஜ் யூத்ஸ் என்ற மணியடிப்போர் சங்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதில் 1664இல் ஸ்டெட்மன் சேர்ந்தார்.

இரண்டே ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. 1666 செப்டெம்பரில் இலண்டன் மாநகரம் பற்றி எரிந்தது. எண்பதுக்கு மேற்பட்ட கோவில்கள் அழிந்தன. கோபுரங்களில் மணிகள் உருகி வழிந்தன. அச்சகத்தாரும் புத்தக வியாபாரிகளும் பாதுகாப்புக்கென்று புனித சின்னப்பர் பேராலயத்தின் நிலவறையில் அடுக்கி வைத்த நூல்கள் சாம்பலாயின. மணியும் புத்தகமுமே உலகம் என்றிருந்த இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பாருங்கள், நகரம் இன்னும் இடிபாடாகக் கிடந்த 1668ஆம் ஆண்டிலேயே மணியடிக்கும் கலை பற்றிய முதல் நூல் வெளிவந்தது. ‘டின்டினலோஜியா’ என்பது அதன் பெயர். எழுதியவர் ரிச்சர்ட் டக்வேத், வெளியிட்டவர் ஸ்டெட்மன். பின்னர் 1677இல் ஸ்டெட்மன் தாமே எழுதிய ‘கம்பனலோஜியா’ வந்தது. அதுவரை ஒருவர் வாய்கேட்டு ஒருவர் பழகிய கலைக்கு எழுத்தில் ஓர் ஒழுங்கு கிடைத்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சோடி மட்டும் மாறும் பழைய எளிய முறைகளோடு, பல சோடிகள் ஒரே நேரத்தில் மாறும் கடினமான முறைகளையும் அவர் விரித்துரைத்தார். பிற்காலத்துக் கணித அறிஞர்கள் தனியொரு துறையாகவே வளர்த்த சில உண்மைகளை இந்த அச்சுத் தொழிலாளி நூறு ஆண்டுகளுக்கு முன்பே கயிற்றின் வழியாகக் கண்டிருந்தார் என்று இன்று கணிதம் கற்றோர் வியக்கின்றார்கள்.

அவர் பெயரால் வழங்கும் மணிமுறை ஒன்றும் உண்டு. அதில்தான் அவருடைய உள்ளத்தைக் காண்கின்றோம். வழக்கமான முறைகளில் ஒரு மணி மட்டும் தனக்கென ஒரு நேர்வழி வைத்துக்கொண்டு செல்லும். மற்றவை அதனைச் சுற்றிச் சிக்கலான வேலையைச் செய்யும். ஸ்டெட்மன் முறையில் அப்படி யாருக்கும் சலுகை இல்லை. மாறிவரும் மணிகள் அனைத்துக்கும் ஒரே வேலை. நீங்கள் பிள்ளைகளைக் கொண்டு செய்து பார்த்த அதே ஆறு மாற்றங்களை முன்னிற்கும் மூன்று மணிகள் செய்யும். பின்னிற்பவை இருவர் இருவராக இடம் மாறிக்கொண்டு காத்திருக்கும். ஆறு முடிந்ததும் முன்னிருந்த ஒன்று பின்னே போகும். பின்னிருந்த ஒன்று முன்னே வரும். சின்ன மணியும் முன்னே வரும், பெரிய மணியும் பின்னே போகும். எல்லாரும் முன்வரிசையையே தேடும் இக்காலத்தில் நாம் படிக்க வேண்டிய பாடம் இதில் இல்லையா?

1682இல் அவருடைய சங்கத்தார் அவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள். வாழ்க்கையின் பிற்பகுதியில் அவர் அரசாங்கத்தின் சுங்க, கலால் வரிப் பகுதியில் கணக்குப் பரிசோதகராகப் பணியாற்றினார். 1713 நவம்பரில் இறந்தார். அம்மாதம் 16ஆம் நாள், பெருந்தீக்குத் தப்பிய அண்டர்ஷாப்ட் புனித அந்திரேயா ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஏழு மணிகளின் 5,040 மாற்றங்களையும் பிசகின்றி முழுமையாக அடித்ததாகப் பதிவான முதல் சாதனை, அவர் கண்மூடி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழிந்து, 1715 மே 2ஆம் நாள் நோரிச் நகரில் நிகழ்ந்தது. தாம் வழிகாட்டிய கரையை அவர் தம் கண்ணால் காணவில்லை.

இன்று ஆண்களும் பெண்களுமாய் ஆயிரக்கணக்கானோர் அவர் முறையில் மணியடிக்கின்றனர். அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துப் புனித மரியாள் கத்தோலிக்கப் பேராலயத்திலும் இக்கலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்து வருகிறது. ஒருவர் இறந்தால் மணி நாக்கின் ஒரு பக்கத்தில் தோல் கட்டி அடிப்பார்கள். ஒரு சுற்று உரக்கக் கேட்கும், அடுத்த சுற்று தூரத்து எதிரொலிபோல் கேட்கும்.

நம் கோவிலில் மணி ஒன்றோ இரண்டோதான். வேண்டியதும் அதுவே. ஆயினும் மழையென்றும் பனியென்றும் பாராமல் விடியுமுன் எழுந்து வந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் ஒருவர் உங்கள் பங்கிலும் இருக்கிறார். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வீட்டுக்கு விரையுமுன், பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.