ரோஜா முள்ளில் பிறந்த நோபல் பரிசு

பாலசமுத்திரத்திலோ புத்தூரிலோ வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்குக் காலில் முள் தைப்பது சகஜம். முள்ளை எடுக்காமல் விட்டால் அந்த இடம் சிவந்து வீங்கும். பிறகு சீழ் பிடிக்கும். சீழில் பெரும் பகுதி, ரத்தத்தில் இருந்து வந்து கிருமிகளோடு போராடி மடிந்த வெள்ளை அணுக்கள்தான்.

வெள்ளை அணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து சென்று பரப்புகின்றன என்றே அக்காலத்து டாக்டர்கள் பலர் நினைத்தார்கள். அவை உடலின் காவலர்கள் என்று நிரூபித்தவர் ரஷிய விஞ்ஞானி இலியா மெச்னிகாவ்.

அவர் 1845-ம் ஆண்டு கார்கோவ் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அது இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார்.

மனைவியின் மரணம்

1869-ல் திருமணம் நடந்தது. மணமகளுக்குக் காசநோய். நடக்கத் தெம்பு இல்லாததால், நாற்காலியில் உட்கார வைத்து மாதா கோவிலுக்குத் தூக்கி வந்தார்கள். 1873-ல் அந்த அம்மையார் இறந்தார். மனம் உடைந்த மெச்னிகாவ் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். பிறகு 1875-ல் ஓல்கா என்ற பெண்ணை மணந்தார்.

ஒடெசா பல்கலைக்கழகத்தில் அரசியல் குழப்பம் மிகவே, 1882-ல் பேராசிரியர் வேலையை உதறினார். குடும்பத்தோடு இத்தாலியின் மெசினா நகருக்குப் போனார்.

சர்க்கஸ் நாள்

ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போனார்கள். மெச்னிகாவ் மட்டும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீன் குஞ்சின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே உயிரணுக்கள் ஊர்ந்து செல்வது தெரிந்தது.

உடலுக்குள் அன்னியப் பொருள் நுழைந்தால் இவை என்ன செய்யும்? தோட்டத்து ரோஜாச் செடியில் முள் ஒடித்து வந்து, குஞ்சின் தோலுக்குள் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பார்த்தார். உயிரணுக்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன!

அடுத்து, தண்ணீரில் வாழும் சிறு பூச்சி ஒன்றை ஆராய்ந்தார். நோய்க் காளானை அதன் அணுக்கள் விழுங்கிவிட்டால் பூச்சி பிழைத்தது. விழுங்க முடியாதபோது செத்தது. விழுங்கும் அணுக்களுக்கு 'பாகோசைட்' என்று பெயர் வந்தது.

வழி காட்டுவது எது?

கண் இல்லாத அணுவுக்கு வழி எப்படித் தெரிகிறது? 1888-ல் ஜெர்மன் கண் டாக்டர் லேபர் ஒரு விடை கண்டார். கிருமிகளில் இருந்து கசியும் ரசாயனப் பொருள் வெள்ளை அணுக்களை இழுக்கிறது என்பதே அது. காயம்பட்ட தசையும் இத்தகைய பொருள்களை வெளியிடுகிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது.

இந்தச் செய்தி எட்டியதும் அருகில் உள்ள ரத்தக் குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ஓடும் ரத்தத்தில் வரும் வெள்ளை அணு அதில் உருண்டு, ஒட்டி, சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியேறுகிறது. வெல்லத்தை நாடும் எறும்பு போல, ரசாயனம் எங்கே அடர்த்தியோ அந்தத் திசையில் ஊர்கிறது. சில நோய்களில் இந்த அழைப்பு தேவையின்றி எழுந்து, அணுக்கள் சொந்த மூட்டுகளையே தாக்குவதும் உண்டு.

இருபது ஆண்டுச் சண்டை

மெச்னிகாவின் கருத்தை ஜெர்மன் விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. கிருமியைக் கொல்வது ரத்தத்தின் நீர்ப் பகுதியே என்றார்கள். பாஸ்டர் அழைப்பின்பேரில் 1888-ல் பாரிஸ் சென்ற மெச்னிகாவ், அங்கிருந்து விடாமல் வாதாடினார். முடிவில் இரண்டும் உண்மை என்று தெரிந்தது. 1908-ம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும், எதிர் அணியைச் சேர்ந்த எர்லிக்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

ஒடெசாவில் அவரிடம் படித்த ஹாப்கின் 1893-ல் இந்தியா வந்து காலரா தடுப்பூசி போட்டார். 1897-ல் பம்பாயில் தாம் தயாரித்த பிளேக் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரில் இயங்குகிறது.

முதுமையில் மெச்னிகாவ், புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று நம்பித் தினமும் சாப்பிட்டார். 1916 ஜூலையில் தமது 71-வது வயதில் காலமானார். அவருடைய அஸ்தி பாரிசில் பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் வைக்கப்பட்டது.