ஒரே நாளில் முடிந்த விசாரணை: ஹொசே ரிசாலின் இறுதி நாட்கள்

1896 டிசம்பர் 26. மணிலாவில் உள்ள ஸ்பானிய இராணுவ முகாம் ஒன்றில், 35 வயதுடைய கண் வைத்தியர் ஒருவர் கைகள் பிணைக்கப்பட்ட நிலையில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். கிளர்ச்சி, அரச விரோதம், சட்டவிரோத அமைப்பை உருவாக்கியமை என்பன குற்றச்சாட்டுகள். அன்றே விசாரணை முடிந்தது. அன்றே மரண தண்டனையும் முடிவாயிற்று. அவர்தான் ஹொசே ரிசால்.

1861இல் கலம்பாவில் பிறந்த ரிசால், ஸ்பெயினில் மருத்துவம் கற்றவர். 1887இலும் 1891இலும் அவர் வெளியிட்ட இரு நாவல்கள், காலனித்துவ அதிகாரிகளினதும் மதகுருமாரினதும் கொடுமைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. குத்தகை நிலம் தொடர்பில் நியாயம் கேட்ட கலம்பா மக்கள் படையினரைக் கொண்டு வெளியேற்றப்பட்டபோது, அவரது குடும்பமும் வீடிழந்தது.

1892இல் நாடு திரும்பிய அவர், சீர்திருத்தம் கோரும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். சில நாட்களிலேயே கைது செய்யப்பட்டு மின்டனாவோ தீவின் டபிட்டானுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு நான்கு ஆண்டுகள் நோயாளரைப் பார்த்தார், சிறுவருக்குக் கற்பித்தார், ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார்.

இதற்கிடையே கட்டிபுனான் என்ற இரகசிய இயக்கம் ஆயுதப் போராட்டத்துக்குத் தயாரானது. அதன் தூதுவர் 1896இல் ரிசாலைச் சந்தித்தார். ஆயுதமும் ஆயத்தமும் இன்றி எழுவது மக்களின் அழிவிலேயே முடியும் என்று ரிசால் மறுத்துவிட்டார். கியூபாவில் மருத்துவப் பணியாற்ற அரசின் அனுமதியுடன் அவர் புறப்பட்ட வேளையில், ஓகஸ்ட் மாதம் கிளர்ச்சி வெடித்தது. பயணத்திலேயே கைதாகி, பார்சிலோனாவில் சிறைவைக்கப்பட்டு, நவம்பரில் மணிலாவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டார்.

கட்டிபுனான் உறுப்பினர்கள் அவரது பெயரைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தியதும் அவருக்கு எதிரான ஆதாரமாயிற்று. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு இடமளிக்கப்படவில்லை. சட்டத்தரணி ஒருவரை அமர்த்தவும் முடியவில்லை. இராணுவ அதிகாரிகளின் பட்டியலிலிருந்தே ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அண்ணன் பசியானோ சித்திரவதை செய்யப்பட்டார். ஆயினும் தம்பிக்கு எதிராக அவர் வாய் திறக்கவில்லை. கிளர்ச்சியைக் கண்டித்து ரிசால் எழுதிய அறிக்கையைக்கூட அதிகாரிகள் வெளியிடவில்லை. அதில் மக்களின் உரிமைகளையும் அவர் கேட்டிருந்தார்.

டிசம்பர் 28இல் ஆளுநர் பொலாவியேகா தீர்ப்பை உறுதிப்படுத்தினார். 30ஆம் திகதி காலை, பகும்பயான் திடலில் ரிசால் சுடப்பட்டார். சுடுவதற்கு நிறுத்தப்பட்டவர்கள் பிலிப்பினோ சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் துப்பாக்கியுடன் ஸ்பானியப் படையினர். முன்புறமாகச் சுடுமாறு ரிசால் கேட்டார், மறுத்துவிட்டார்கள். துரோகிக்குரிய முறையில் முதுகிலேயே சுட்டார்கள்.

உடலைக் குடும்பம் கேட்டது; கொடுக்கவில்லை. சவப்பெட்டியும் இன்றி இரகசியமாகப் புதைத்தார்கள். சகோதரி நர்சிசா மயானம் மயானமாகத் தேடி, பாக்கோவில் காவலர்கள் நின்ற புதிய புதைகுழி ஒன்றைக் கண்டுபிடித்தார். எவரும் அறியாதபடி தம்பியின் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாகப் பொறித்து அடையாளம் வைத்தார்.

அந்த அடையாளமே 1898இல் ரிசாலின் எச்சங்களைக் குடும்பத்திடம் சேர்த்தது. 1912 டிசம்பர் 30இல், அவர் சுடப்பட்ட அதே திடலில் அவை அடக்கம் செய்யப்பட்டன. இன்று அது ரிசால் பூங்கா. அவர் இறந்த நாள் பிலிப்பைன்ஸ் நாட்டின் நினைவு நாள்.