அலெக்சி மில்லார்டே

பியேர் மரி அலெக்சி மில்லார்டே (டிசம்பர் 13, 1838 - டிசம்பர் 15, 1902) பிரான்சு நாட்டைச் சேர்ந்த தாவரவியலாளரும் தாவர நோயியலாளரும் ஆவார். திராட்சைக் கொடியின் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கும் போர்டோ கலவையை உருவாக்கியவர் இவரே. இக்கலவையிலுள்ள செப்பு மண்ணில் தங்கி நத்தை போன்ற சிற்றுயிர்களின் வளர்ச்சியைக் குன்றச்செய்யக்கூடும் என்பது இவரது மறைவுக்கு நெடுங்காலம் கழித்தே ஆய்வுக்கு வந்தது.

வாழ்க்கை

மில்லார்டே பிரான்சின் சூரா மாவட்டத்தில் மொன்மிரே-லா-வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். செருமனியின் ஐடெல்பெர்க்கு, பிரைபுர்க்கு பல்கலைக்கழகங்களில் பயின்றார். இசுட்ராசுபர்க், நான்சி நகரங்களில் பேராசிரியராகப் பணியாற்றிய பின் 1876 இல் போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லொக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்துவந்தது. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளை வேர்ச்செடியாகக் கொண்டு ஒட்டுக்கட்டும் முறைக்கு மில்லார்டே பெரிதும் உழைத்தார். இவர் உருவாக்கிய 41பி என்ற கலப்பின வேர்ச்செடி சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு ஏற்றது. ஆயினும் அமெரிக்கக் கொடிகளோடு அடிச்சாம்பல் நோயும் வந்து சேர்ந்தது. 1878 இல் இது பிரான்சில் கண்டறியப்பட்டது.

போர்டோ கலவை

1882 அக்டோபரில் மெடோக்குப் பகுதியின் சான்-சூலியன் ஊர் வழியே சென்றபோது, பாதையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் உதிராமல் இருப்பதை மில்லார்டே கண்டார். வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, நஞ்சுபோல் தோன்றுமாறு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அக்கொடிகளில் தெளித்திருந்தனர். திருடரை விரட்டத் தெளித்தது பூஞ்சையை விரட்டியிருந்தது.

வேதியியலாளர் உலிசு கேயோனுடன் சேர்ந்து ஆய்வுக்கூடத்திலும், எர்னசுட்டு தாவீது நிர்வகித்த தோட்டங்களிலும் சோதனைகள் செய்து 1885 இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் கலவையில் 100 லிட்டர் நீரில் கரைத்த 8 கிலோ மயில்துத்தத்துடன், 30 லிட்டர் நீரில் கலந்த 15 கிலோ சுண்ணாம்பு சேர்க்கப்பட்டது. மிகச்சிறிய அளவுச் செப்பே பூஞ்சை வித்துக்கள் முளைப்பதைத் தடுக்கும் என்பதால், நோய் தோன்றுமுன்பே தெளிக்கவேண்டும் என்பதையும் இவர் உணர்ந்திருந்தார். தமிழக உழவர்களும் இம்மருந்தைப் போர்டோ கலவை என்றே அறிவர்.

மண்ணில் தங்கிய செப்பு

திராட்சை மதுவில் செப்பு கலக்குமா என்பதை மில்லார்டேயும் கேயோனும் ஆராய்ந்தனர். நொதித்தலின்போது பெரும்பகுதி வண்டலில் படிந்துவிடுவதால் அச்சம் நீங்கியது. மண்ணின் கதை வேறு. செப்பு ஒரு தனிமம் ஆகையால் சிதைவதில்லை. ஆண்டுதோறும் தெளித்தது மேல்மண்ணிலேயே சேர்கிறது. 2018 இல் வெளியான ஐரோப்பிய மண் ஆய்வின்படி பொதுவான நிலங்களில் சராசரியாக ஒரு கிலோ மண்ணுக்கு 17 மில்லிகிராம் செப்பும், திராட்சைத் தோட்டங்களில் 49 மில்லிகிராமும் இருந்தன.

நத்தைக்குச் செப்பு அயலானதன்று. அதன் குருதியில் ஆக்சிசனைச் சுமக்கும் ஈமோசயனின் செப்பைக் கொண்டதே; உடலில் செப்பின் அளவை ஒழுங்குபடுத்தத் தனிப் புரதமும் உண்டு. அளவு மிகும்போது நத்தை குறைவாக உண்கிறது, ஓடும் உடலும் மெதுவாக வளர்கின்றன. இலை, மண், பாதத்தின் தோல் ஆகிய மூன்று வழிகளிலும் உலோகம் நுழைந்து உடலில் சேர்வதால், நத்தையைத் தின்னும் பறவைகளுக்கும் அது செல்லலாம்.

இவ்வளர்ச்சிக் குறைவை அளக்கும் ஐ.எசு.ஓ. 15952 என்ற பன்னாட்டுச் சீர்தரம் 2006 இல் வெளியானது. இதில் இளம் தோட்ட நத்தைகள் 28 நாட்கள் சோதனை மண்ணில் வளர்க்கப்பட்டு, எடையும் ஓட்டின் விட்டமும் அளக்கப்படுகின்றன. இம்முறைக்கு அடிப்படையான ஆய்வுகள் பெரிதும் பெசான்சோன் நகரில் நடந்தன; அது மில்லார்டே பிறந்த ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

செயற்கைப் பூஞ்சைக்கொல்லிகளைத் தவிர்க்கும் இயற்கைவழித் திராட்சைப் பயிரிடுவோரே செப்பை அதிகம் நம்பியுள்ளனர். ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் இயற்றிய விதி, ஏழு ஆண்டுகளில் எக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செப்பு இடக்கூடாது என்று வரம்பு வகுத்தது.